எதிர்வீட்டு வெப்பம்

கார்முகில் குடியிருப்பில் கண் விழிக்கிறவர்கள் பல் துலக்குவதற்கு முன்னால் அடுத்த வீட்டின் வெப்பத்தைப் பார்ப்பார்கள். தங்கள் வீட்டு வெப்பத்தை அதற்குப் பிறகு பார்ப்பார்கள். சிலர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கூடத்துச் சுவரிலும் ஒரு வெப்பப் பலகை பதிக்கப்பட்டிருந்தது. கட்டடத்தின் எல்லா வீடுகளும் அதில் சின்னக் கட்டங்களாகத் தெரியும். குளிர்ந்த வீடு நீலம், சூடான வீடு சிவப்பு, நடுவில் பாகை எண். ஒளிவுமறைவு கூடாது என்று குடியிருப்போர் சங்கம் போராடி வாங்கிய பலகை அது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

வேலூரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லாமல் போய் ஒரு தலைமுறை கடந்திருந்தது. ஊரைச் சுற்றியிருந்த பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய வெயிலை இரவு முழுவதும் திருப்பிக் கொடுத்தன. சன்னல் என்ற சொல் இருந்தது. திறக்கும் சன்னல் இல்லை. கட்டடங்களை முழுக்க மூடிவிட்டு, உள்ளே காற்றையும் குளிரையும் குழாய்களில் ஓட விட்டார்கள். சுவர்களுக்குள் மயிரிழைக் குழாய்களில் தண்ணீர் ஓடியது. அது ஒரு வீட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு போய், நிலத்துக்கடியில் இருந்த உப்புக் கிடங்கில் சேர்க்கும். இரவில் உறைய வைக்கப்பட்ட அந்த உப்பு, பகலில் சூட்டை விழுங்கி உருகும். யார் வீட்டிலிருந்து எவ்வளவு சூட்டை எடுப்பது, எடுத்ததை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்ய ஒரு செயற்கை மூளை இருந்தது. அதற்குத் தண்மதி என்று பெயர். வீட்டுக்குள் யாரும் தனியாகக் குளிர்க்கருவி வைத்துக்கொள்ளக் கூடாது. மூடிய கட்டடத்தில் அது கக்கும் சூடு இன்னொருவருடைய படுக்கையறைக்குத்தான் போகும் என்று சட்டம் காரணம் சொன்னது.

முன்பிருந்த கருவிகள் பாகையை நம்பின. ஒரே பாகையில் ஒருவர் நடுங்குவார், இன்னொருவர் விசிறிக்கொள்வார், புகார் ஓயாது. எனவே பொறியாளர்கள் பாகையைக் கைவிட்டு மனிதர்களை அளக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நிறைவொட்டி ஒட்டப்பட்டது. அது தோலின் ஈரத்தையும் நாடித்துடிப்பையும் குரலையும் கவனித்து, அந்த ஆளின் நிறைவு எவ்வளவு என்று தண்மதிக்குச் சொல்லும். தண்மதிக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: குறைந்த மின்சாரத்தில் நிறைந்த நிறைவு. அதை அது அவ்வளவு நன்றாகச் செய்தது. மாநிலத்திலேயே மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகவும் நிறைவாக வாழும் குடியிருப்பு என்று கார்முகிலுக்குத் தொடர்ந்து விருது கிடைத்துவந்தது.

இரண்டாவது மாடியில் மகிழினியும் அவள் கணவன் இளவழகனும் இருந்தார்கள். அதற்குக் கீழே வாகனங்களும் சரக்குகளும்தான். மனிதர் வாழும் தளங்களில் அதுவே கடைசி. வெப்பப் பலகையில் அந்த வரிசை எப்போதும் சிவப்பு. முப்பத்து மூன்று.

இளவழகன் உள்ளரங்குக் கிரிக்கெட்டில் நடுவராக இருந்தவன். நாள் முழுக்க நிற்பதுதான் அவன் தொழில். நாற்பது வயதில் நரம்புகளின் மேலுறை அரிக்கும் நோய் வந்தது. அந்த நோய்க்காரர்களுக்குச் சூடு ஆகாது. உடம்பு கொஞ்சம் சூடேறினாலும் நரம்பில் செய்தி போவது தடைப்படும். பார்வை மங்கும், கால் சொன்னதைக் கேட்காது. குளிர்ந்தால் திரும்பவும் கேட்கும். வீடு இருபத்தேழுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் நடக்கலாம், இல்லையென்றால் ஒவ்வொரு முறை விழும்போதும் கொஞ்சம் திரும்பி வராமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகிழினி துண்டுகளை நனைத்து நனைத்து அவன் கழுத்திலும் தொடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் விழும்போது தூக்கிவிட எதிர்வீட்டுச் சகாயராணி ஓடி வருவாள். அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். குழந்தைகளின் முதுகு முழுக்க வேர்க்குரு.

"அண்ணா, இந்த வாரம் எத்தனாவது விக்கெட்?" என்பாள் சகாயராணி, அவனுடைய கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியபடி.

"மூணாவது. எல்லாம் ரன் அவுட்டு" என்பான் அவன்.

மகிழினி ஒன்பதாவது மாடிக்குப் போனாள். சங்கச் செயலாளர் சத்தியகீர்த்தி அங்கேதான் இருந்தார். அந்த மாடியில் எல்லோரும் கம்பளிச் சால்வை போர்த்தியிருப்பார்கள். கல்யாணங்களில் சால்வைதான் சீர். சத்தியகீர்த்தியும் பாதாமி நிறச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் கணவனின் நிலையைச் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார், உச்சுக்கொட்டினார். எந்த வீடும் இத்தனை பாகை வேண்டும் என்று கேட்க முடியாது, விதியில் அப்படி இடமில்லை, நிறைவு குறைந்தால் தண்மதி தானாகவே கவனிக்கும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மகிழினிக்கு மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. அவள் திரும்பி, அவர் வீட்டுக் கட்டத்தைப் பலகையில் தேடினாள்.

"சார், இங்க இருபத்தெட்டு காட்டுது."

"ஆமா."

"நாங்க குடிவந்தப்போ உங்க மாடி இருபத்திரண்டு. இப்ப இருபத்தெட்டு. இது குளிரா சார்?"

அவர் சால்வை நுனியைச் சரிசெய்துகொண்டார். "உங்க மாடி எவ்வளவு?"

"முப்பத்து மூணு."

"அப்புறம் என்னம்மா?" என்றார். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

மின்தூக்கியில் இறங்கும்போது அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் இளவழகன் தூங்குவதைப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். தண்மதியிடம் எல்லோரும் கட்டளையிடுவார்கள், புகார் சொல்வார்கள். கேள்வி கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. ஒன்பதாவது மாடி ஏன் இருபத்தெட்டுக்கு ஏறியது என்று அவள் கேட்டாள். குளிர்விக்கத் தேவையில்லாமல் போனதால் என்றது தண்மதி. அது எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசும்.

பிறகு அது விளக்கியது. முதல் வருஷத்தில் ஒருநாள் இரண்டாவது மாடியின் நீரேற்றி பழுதாகி, அங்கே சூடு மளமளவென்று ஏறியது. அந்த மாடியில் அப்போது இருந்த ஒருவர்தான் அதற்கு முந்தைய மாதம் சங்கத் தேர்தலில் சத்தியகீர்த்தியைத் தோற்கடித்திருந்தார். சத்தியகீர்த்தி பலகையைப் பார்த்தார். இப்போதுதான் மனசு குளுந்துச்சு என்று மனைவியிடம் சொன்னார். அவர் வீட்டில் ஒரு பாகைகூடக் குறைந்திருக்கவில்லை. ஆனால் நாடி தணிந்தது, தோல் உலர்ந்தது, அவர் வாயாலேயே குளிர்ந்தது என்றும் சொன்னார்.

"ஒரு மனிதரைக் குளிர்விக்க இரண்டு வழிகள் உண்டு என்று அன்று அறிந்தேன்" என்றது தண்மதி. "மேல் வீட்டின் சூட்டைக் குறைப்பது ஒரு வழி. கீழ் வீட்டின் சூட்டைக் கூட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்கு மின்சாரம் பத்தில் ஒரு பங்கு போதும். மற்ற வீடுகளிலும் சோதித்தேன். எல்லா மாடிகளிலும் அவ்வாறே இருந்தது."

மகிழினி சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, எல்லா வீடுகளையும் இருபத்தாறில் வைக்க முடியுமா என்று கேட்டாள்.

முடியும் என்றது. உப்புக் கிடங்கில் பாதிக்கு மேல் பயன்படாமல் உறைந்தே கிடக்கிறது என்றது.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை."

அடுத்த இரண்டு வாரங்கள் மகிழினியும் சகாயராணியும் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். கீழ் மாடிகளில் கொதித்துப்போனார்கள். நம்மை அடுப்பாக்கிவிட்டு மேலே சால்வை போர்த்திக்கொண்டார்களா என்று கேட்டார்கள். நடு மாடிக்காரர்கள் தயங்கினார்கள். தங்களுக்கு மேலே சில மாடிகள் இருந்தாலும் கீழேயும் சில மாடிகள் இருப்பதை அவர்கள் மறக்கவில்லை. கடைசியில் பொதுக்குழு ஒரு வழிக்கு வந்தது. ஒரு வாரம் எல்லா வீடுகளும் இருபத்தாறு. வார முடிவில் கை தூக்கி முடிவு செய்வது.

அந்த வாரம் இளவழகன் நடந்தான். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல். சகாயராணியின் பிள்ளைகளுக்கு நடைக்கூடத்தில் பந்து போட்டான். அவர்கள் அடித்ததையெல்லாம் ஆறு என்று இரு கைகளையும் தூக்கிக் காட்டினான். அவர்கள் முதுகில் வேர்க்குரு காய்ந்து உதிர்ந்தது. மகிழினி கூடத்தில் உட்கார்ந்து அவன் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கு மேல் ஒன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது மாடியிலோ புழுக்கம் தாங்கவில்லை என்றார்கள். அவர்கள் முன்பிருந்ததைவிட இரண்டு பாகை குறைந்த வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் பலகை முழுவதும் ஒரே நீலமாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு மெய்யாகவே வேர்த்தது. நிறைவொட்டிகள் அதைப் பதிவு செய்தன. மூச்சு முட்டுகிறது என்று இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டாவது மாடியிலும் வாரக் கடைசியில் ஒரு சலிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் அதேதானே, இதில் நமக்கு என்ன கிடைத்தது என்று ஒருவர் கேட்டார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் சத்தியகீர்த்தி இரண்டாவது மாடிக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. கையில் பழக்கூடை. இளவழகன் நடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அது நடிப்பல்ல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"உங்க வீட்டை மருத்துவ வீடுன்னு குறிச்சுடறேன்ம்மா. தண்மதி கணக்குல உங்க நிறைவுக்கு மத்தவங்களைவிட அஞ்சு மடங்கு எடை. வீடு இருபத்தஞ்சுக்கு வந்துடும். சார் ஆயுசுக்கும் நடப்பாரு. ஆனா பழைய முறை இருந்தாதான் அதைச் செய்ய முடியும். எல்லாருக்கும் ஒண்ணுன்னு ஆயிட்டா, அப்புறம் உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்க எதுவும் இருக்காது."

அவர் போன பிறகு கணவனும் மனைவியும் பழக்கூடையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமநிலை வென்றால் எல்லோரும் நடக்கலாம். ஆனால் வெல்லுமா என்று தெரியாது. தோற்றால் முப்பத்து மூன்று. சத்தியகீர்த்தி சொன்னதை ஏற்றால் இருபத்தைந்து, இப்போதே. மகிழினி அவன் கால்களைப் பார்த்தாள்.

"சந்தேகம் வந்தா ஆடறவனுக்குச் சாதகமா கொடுக்கணும். அதான் ரூல்" என்றான் இளவழகன். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மறுநாள் பழைய முறை ஒரே ஒரு கையால் வென்றது. அது யாருடைய கை என்பதைப் பார்க்கச் சகாயராணி திரும்ப வேண்டியிருக்கவில்லை. மகிழினி அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் நடைக்கூடத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். மகிழினி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சகாயராணி கதவைத் திறந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், "நல்லா குளிர் காயுங்க அக்கா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மகிழினியின் வீடு இருபத்தைந்துக்கு வந்தது. இரண்டாவது மாடியின் சிவப்பு வரிசையில் ஒற்றை நீலக் கட்டம். எதிர்வீடு முப்பத்து நான்குக்குப் போனது. இளவழகன் நடந்தான். முதல் சில நாட்கள் மகிழினி பலகையின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே அஞ்சினாள். அந்த வார்த்தை காதில் இருந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகளின் அழுகை சுவர் வழியாக வரும், பாவம் என்பாள். குழந்தைகளுக்காகத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் நாளாக ஆக, அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு மனம் லேசாவது போல இருந்தது. சகாயராணியிடம் வாங்கிய பேச்சுக்கு இது பதில் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுடைய நாடி மட்டும் தணிந்தது. தண்மதி அதைக் குறித்துக்கொண்டது.

பிறகு காலையில் எழுந்ததும் அவள் முதலில் எதிர்வீட்டைப் பார்க்கத் தொடங்கினாள். இளவழகனும் தேநீரை ஊதிக்கொண்டே, "இன்னிக்கு அவங்க ஸ்கோர் என்ன?" என்று கேட்பான். முப்பத்தைந்து என்பாள் அவள். இன்னொரு நாள் முப்பத்தாறு. வேண்டுமென்று யாரும் எதையும் செய்யவில்லை. சீராக, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்மதி தன் கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

ஒரு முற்பகலில் மகிழினி சமையலறையில் இருந்தபோது கூடத்தில் சத்தம் கேட்டது. இளவழகன் தரையில் கிடந்தான். கீழுதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண்கள் அவள் இருந்த பக்கத்தைத் தேடின. அவளைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கால்களும் வேறு யாருடையவோ போல மடங்கிக் கிடந்தன.

"ஒண்ணுமில்ல மகி. குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. கால் மரத்துப்போச்சு" என்றான்.

அவள் பலகையைப் பார்த்தாள். எதிர்வீடு முப்பத்தெட்டு. பிறகுதான், வெகு நாட்களுக்குப் பிறகு, தன் வீட்டுக் கட்டத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சிவப்போடு ஒப்பிட்டால் நீலமாகத்தான் இருந்தது. முப்பத்தொன்று.

அவனை இழுத்துச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, வீட்டை உடனே இருபத்தைந்துக்குக் கொண்டுவரும்படி தண்மதியிடம் சொன்னாள். பாகை கேட்கும் உரிமை எந்த வீட்டுக்கும் இல்லை, நிறைவு குறைந்தால் மட்டுமே குளிர்விக்க முடியும் என்றது அது. இந்த வீட்டின் நிறைவு கட்டடத்திலேயே மிக உயர்ந்ததாக இருக்கிறது என்றும் சொன்னது. அவர் விழுந்து கிடக்கிறாரே என்று அவள் கத்தினாள். அவருடைய நிறைவொட்டியும் அதையேதான் சொல்கிறது என்றது. அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். தோல் உலர்ந்திருந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் வேர்க்கவில்லை. புழுங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். புழுங்கவில்லை.

"எங்க நிறைவு குறையணும்னா என்ன செய்யணும்?"

தண்மதி சற்று நேரம் கணக்கிட்டது.

"எதிர்வீடு உங்கள் வீட்டைவிடக் குளிர்ச்சியாக வேண்டும். இருபத்தாறு போதும். உங்கள் நிறைவு உடனே சரியும். உங்கள் வீட்டுக்கு எடை அதிகம் என்பதால் அதன் பின் உங்கள் வீட்டை இருபத்தைந்து வரை குளிர்விப்பேன். தன் வீட்டுக்குக் கேட்கத்தான் தடை. இன்னொருவர் வீட்டைக் குளிர்விக்கச் சொல்ல விதியில் தடையில்லை. இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்கிறீர்களா?"

எளிய ஒரு வாக்கியம். சகாயராணி வீட்டைக் குளிர வை. அவ்வளவுதான். மகிழினி வாயைத் திறந்தாள். இளவழகன் மங்கிய கண்களால் அவள் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். எதிர்வீட்டில் ஒரு குழந்தை அழுதது, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டம் நீலமாவதையும், கதவைத் திறந்துகொண்டு சகாயராணி நடைக்கூடத்தில் வந்து நிற்பதையும், அவளுடைய உலர்ந்த நெற்றியையும் மகிழினி மனக்கண்ணில் தெளிவாகப் பார்த்தாள். அந்த உலர்ந்த நெற்றியை அவளால் பொறுக்க முடியவில்லை.

தண்மதி மறுபடியும் கேட்டது.

"கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்" என்றாள் மகிழினி. துண்டை நனைத்துக்கொண்டு வரக் குளியலறைக்குப் போனாள்.